நீலப் பூக்களைப் பற்றி எழுதிய கடிதம்

முதல் ரத்தத்தை நான் பார்த்தது ஜப்பான் தேசத்தில், கோபே துறைமுகத்துக்குப் பின்னாலுள்ள மலையடிவாரத்தில், ஒரு கோயில் படிக்கட்டில். மழை தூறிக்கொண்டிருந்தது. இருமல் வந்தது. கைக்குட்டையை வாயில் வைத்து எடுத்தபோது புளியங்கொட்டை அளவுக்குச் சிவப்பு.

இதே நோயில் கிடப்பவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். ஆறுதல் சொல்வதற்காக அல்ல. நான் செய்ததை நீங்கள் செய்யாதிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு வருஷம் முந்தி அது. தூத்துக்குடியிலிருந்து கோபேக்குப் பருத்திப் பொதிகள் போகும். அங்கே பொதிகளைப் பிரித்துத் தரம் பார்க்கும்போது நம் பக்கத்து ஆள் ஒருவர் நிற்க வேண்டும் என்று கம்பெனியார் என்னை அனுப்பினார்கள். பாளையங்கோட்டையில் கிறிஸ்தவ சபை உபதேசியாரின் மகனாகப் பிறந்து, கணக்கும் இங்கிலீஷும் படித்தவன் நான். கல்யாணமாகி மூன்று வருஷம். என் மனைவி ஞானம் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வாத்திச்சி.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னை அழைத்துப் போனவர், பொதிகளை அடுக்கி வைக்கும் கிட்டங்கியின் குமாஸ்தா மொரித்தா. மழைக்காலத்தில் ‘அஜிசாய்’ என்ற பூ பூக்கும். அவர் வீட்டார் வருஷம் தவறாமல் குடை பிடித்துக்கொண்டு கோயில் கோயிலாகப் போய் அதைப் பார்ப்பார்களாம். எனக்குத் தயக்கம். அந்நிய தேவர்களின் வாசலை மிதித்தது ஊரில் தெரிந்தால் சபையார் சும்மா விடமாட்டார்கள். பூவைத்தானே பார்க்கப் போகிறோம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

முதலில் சிவப்பு மரத்தூண் வாசல் வைத்த, அந்நாட்டுப் பழைய தேவர்களின் கோயில் ஒன்று. பிறகு இரண்டு புத்தர் கோயில்கள். நம் ஊர் இட்லிப்பூக் கொத்துகள் நாலைந்தைச் சேர்த்துக் கட்டினாற்போல் தேங்காய் பருமனில் பூ. நீலம், ஊதா, சில இடங்களில் வெளிறிய சிவப்பு. மண்ணுக்குத் தக்கபடி நிறம் மாறும் என்றார் மொரித்தா. வாசனை இல்லை. பாசி படிந்த படிகளின் இரண்டு பக்கமும் அவை நனைந்து தலை கவிழ்ந்திருந்தன. மூன்றாவது இடத்தில் பாதிப் படி ஏறியபோதுதான் அந்த இருமல்.

மொரித்தா பார்த்துவிட்டார். “என் அக்கா இப்படித்தான் தொடங்கினாள். நாளைக்கே வைத்தியரிடம் போங்கள். வீட்டுக்கும் எழுதிவிடுங்கள்” என்றார்.

“இது வெற்றிலைச் சாறு. எங்கள் ஊரில் எல்லோரும் போடுவோம்” என்றேன். கோபேயில் நான் வெற்றிலையைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அவர் குடையைச் சரித்துக்கொண்டு அடுத்த படிக்கு ஏறினார்.

அன்று மாலையே ஞானத்துக்குக் கடிதம் எழுதினேன். நான்கு பக்கமும் பூதான். கோயில் என்று எழுதப் பயந்து பூங்கா என்று எழுதினேன். ரத்தத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. அவள் அதைத் தன் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டியதாகவும், விதை கிடைக்குமா என்று பிள்ளைகள் கேட்பதாகவும் பதில் வந்தது.

இன்னும் ஏழு மாதம் அங்கேயே இருந்தேன். பயந்தது சாவுக்கு அல்ல. ‘நோயாளி’ என்று திருப்பி அனுப்பப்படுவதற்கு. குரல் கம்மி, சட்டை தொளதொளத்த பிறகே கப்பல் ஏறினேன்.

“என்ன இப்பிடி மெலிஞ்சு வந்திருக்கிய?” என்று ஞானம் கேட்டாள்.

“கடல் காத்து ஒத்துக்கல.”

அவள் நம்பினாள். ஒரே தட்டில் சாப்பிட்டோம், ஒரே அறையில் படுத்தோம். நாற்பது நாள். அந்த நாற்பது நாளை என் வாழ்நாளிலிருந்து வெட்டி எறிய முடியுமானால் எறிந்துவிடுவேன்.

கிணற்றடியில் வாளித் தண்ணீர் சிவக்க ரத்தம் கக்கி விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் வயதானவர், நம் ஊர்க்காரர். நெஞ்சில் விரல் வைத்துத் தட்டிப் பார்த்தார். பிறகு ஸ்டெதஸ்கோப் (நெஞ்சின் ஓசையைக் கேட்கும் குழல்) வைத்து நெடுநேரம் கேட்டார். க்ஷயம் (நுரையீரலைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும் நோய்), இடது பக்கம்.

“முத ரத்தம் எப்பம்வே வந்தது?”

நான் சுவரைப் பார்த்தேன். ஞானம் பக்கத்தில் நின்றாள்.

“உம்மத்தான் கேக்கேன்.”

“கோபேயில. ஒரு கோயில்ல பூப் பாக்கப் போனப்போ.”

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். “இருமுற காத்துல, சளியில, அதோட கிருமி இருக்கு வே. தெரிஞ்சே வீட்டுக்குக் கொண்டாந்திருக்கீரு.”

வில்வண்டி ஆற்றுப் பாலத்தைத் தாண்டியது. ஞானம் சொன்னாள்: “கோயிலுக்குப் போனத மறச்சது பெரிசில்ல. ரத்தத்தச் சொல்லியிருக்கலாம்லா? பிள்ளைகளுக்கு அந்தக் காயிதத்த ரெண்டு தடவ வாசிச்சேன்.”

கொல்லையில் வேப்பமரத்துக்குக் கீழ் ஓலைக் கொட்டகை போட்டார்கள். இரவும் பகலும் திறந்த காற்று. பால், முட்டை, மீன் எண்ணெய், அசையாமல் படுத்திருப்பது; இவைதான் வைத்தியம். எனக்குத் தனித் தட்டு. துப்புவதற்கு மூடி போட்ட தகரக் குவளை; அதில் பினாயில். துணியைக் கொதிக்க வைத்து உலர்த்த வேண்டும். இதை வாசிப்பவர்கள் இந்த ஒழுங்கை முதல் நாளிலிருந்தே கைக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அது நாற்பத்தோராம் நாள் தொடங்கியது.

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து அவள் அண்ணன் வந்தார். “ஏளா ஞானம், கிளம்பு. கொஞ்ச நாள் அங்கன வந்து இரி.”

“இவியள யாரு பாப்பா, அண்ணே?”

“அவன் உன்னப் பாத்தானா?”

அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொதிக்கும் துணிகளைக் கம்பால் புரட்டிக்கொண்டிருந்தாள். நான் கொட்டகையில் கேட்டுக்கொண்டுதான் கிடந்தேன். போ என்று நான் சொல்லியிருக்கலாம். பாலும் முட்டையும் யார் தருவார்கள் என்ற பயத்தில் சொல்லவில்லை. இதுவும் உண்மை, எழுதித்தான் ஆக வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் அவளை இனி வர வேண்டாம் என்றார்கள். சபையார் வேலிக்கு வெளியே நின்று ஜெபித்துவிட்டுப் போனார்கள். நான் தேறினேன். கன்னத்தில் சதை வைத்தது. எட்டாம் மாதம் எனக்கு ரத்தம் அடியோடு நின்றது. அதே மாதம் அவள் இருமத் தொடங்கினாள்.

அவளுக்கு நோய் நடக்கவில்லை, ஓடியது. டாக்டர் அதைத் துரித க்ஷயம் (சில மாதங்களில் முடித்துவிடும் வகை) என்றார். கொட்டகைக் கட்டிலை அவளுக்கு விட்டேன். நான் துணி கொதிக்க வைத்தேன், கஞ்சி ஊட்டினேன். ஒரு நாள் காலையில், அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது, “என்னை மன்னிச்சிரு ஞானம்” என்றேன்.

அவள் கண்ணை மூடியபடியே சொன்னாள்: “அத என்கிட்ட கேக்காதிய. எனக்கு மூச்சு விடவே இடமில்ல.”

அதற்குப் பிறகு பதினோரு நாள் இருந்தாள். தண்ணீர் கேட்டாள், தலையணையை மாற்றச் சொன்னாள், அண்ணனைப் பார்த்து அழுதாள். நான் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. அவள் மன்னித்திருப்பாள் என்று சபையாரும் மற்றவர்களும் சொல்கிறார்கள். அவர்கள் அந்தக் கொட்டகையில் இருக்கவில்லை.

இப்போது என் இடது நுரையீரல் வடுவாகச் சுருங்கி மூடிவிட்டதாம். “பொழச்சுக்கிட்டீரு வே” என்கிறார் டாக்டர். மேட்டில் ஏறும்போது பாதியில் நிற்கிறேன். பேச்சின் நடுவில் மூச்சுக்காகக் காத்திருக்கிறேன். இந்த உடம்பு என்னுடையது என்ற எண்ணம் போய்விட்டது. வேறொருவருக்குச் சேர வேண்டியதில் தப்பாகக் குடியேறியவன் மாதிரி இதற்குள் இருக்கிறேன்.

ஞானம் என்னைவிட நான்கு வயது இளையவள். இப்போது எங்களுக்குள் ஒன்பது வயது வித்தியாசம். ஒவ்வொரு வருஷமும் அது கூடுகிறது. தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு, காய்ச்சல் ஏறும் அந்த நேரத்துக்கு, என் கை தானாக நெற்றிக்குப் போகிறது. நெற்றி குளிர்ந்திருக்கிறது. காய்ச்சல் இல்லை என்று உரக்கச் சொன்னாலும் கேட்பதற்கு இந்த வீட்டில் யாருமில்லை.