ஜெயித்துப் பழக்கமில்லாதவர்

எங்கள் புறநகர்த் தொகுதி உருவானதிலிருந்து ஒரே கட்சிதான் ஜெயித்துக்கொண்டிருந்தது. எதிர்க்கட்சிக்காக உயிரைக் கொடுத்து உழைத்தவர் எங்கள் தெரு பிளம்பர். ஒவ்வொரு தேர்தலிலும் அவர் கட்சி தோற்கும். அன்று மாலையே சட்டையை மாற்றிக்கொண்டு, ஜெயித்த கட்சியின் வட்டச் செயலாளரான அக்கா புருஷன் வீட்டுக்குப் போய்க் கைகுலுக்கிவிட்டு வருவார். "கட்சி வேற, மாமா வேற" என்பார்.

பிறகு காலி மனைகளில் அடுக்குமாடிகள் எழும்பின. புதிதாகக் குடிவந்தவர்களுக்கு எந்தக் கட்சி மீதும் பழைய பாசம் கிடையாது. தண்ணீர் வராத குழாய்தான் அவர்களுடைய அரசியல். குழாய் மாட்டப் போன வீட்டிலெல்லாம் பிளம்பர் ஸ்பானரும் கையுமாக ஓட்டுக் கேட்டார்.

போன தேர்தலில் அவர் கட்சி ஜெயித்தேவிட்டது. டிவியில் முடிவு வந்ததும் அவர் எழுந்து சட்டையை மாற்றினார், மாமா வீட்டுக்குப் போனார், "வாழ்த்துகள் மாமா!" என்று கையை நீட்டினார்.

மாமா திருதிருவென விழித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "அடேய் மாப்ளே, இந்தத் தடவை ஜெயிச்சது நீங்கடா! நான்ல உன் வீட்டுக்கு வரணும்?"

"ஐயையோ, ஆமால்ல!"

உள்ளேயிருந்து அக்கா ஸ்வீட் டப்பாவோடு வந்தாள். "யார் ஜெயிச்சா என்ன, எனக்கு நம்ம வீட்டு ஆளுதானே. வாயைத் தொற!"

மாமாவே அவரை ஸ்கூட்டரில் ஏற்றிப் போய் அவர் கட்சி ஆபீஸ் வாசலில் இறக்கிவிட்டார். அங்கே மேளம் முழங்கியது. பிளம்பருக்கு ஆடவே தெரியாது என்பது அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது. ஆனாலும் அவர் நிறுத்துவதாயில்லை.