இடது கை போன இடம்

வாஹித் பாஷா திங்கட்கிழமை காலையில் கம்பெனியில் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். ஞாயிறு மதியம் வரைக்கும் அந்தப் பதில் அவரிடம் இல்லை. வீட்டிலும் மூச்சு விடவில்லை. தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாரே தவிர, வாய்க்குப் போனது பாதிதான்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிற வேலை அவருக்கு. மேசைமேல் தோலை விரித்து, காயம், தழும்பு, பூச்சி கடித்த இடம் எல்லாவற்றையும் விரலால் தடவிப் பார்த்து ஒதுக்கிவிட்டு, நல்ல இடமாகப் பார்த்து இரும்பு அச்சை வைப்பார். மேலே இருக்கும் மிஷினின் கனத்த கையை அச்சுக்கு நேரே இழுத்து நிறுத்துவார். அதற்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு பொத்தான். இரண்டையும் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் அது இறங்கி வெட்டும். ஒரு கையால் அமுக்கினால் அசையாது. இரண்டு கையும் மேலே இருந்தால் எந்தக் கையும் அடியில் மாட்டாது, அவ்வளவுதான் விஷயம். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இந்த மனுஷன் அப்படித்தான் அமுக்கி வருகிறார். பத்து விரலும் பத்திரமாக இருக்கின்றன.

சனிக்கிழமை ஆர்டர் அவசரம் என்று சூப்பர்வைசர் சுப்பராயன் வந்து நின்றார். கையில் ஒரு துண்டுத் தோல். அதை மடித்து இடது பொத்தானின் இடுக்கில் செருகினார். பொத்தான் அமுங்கியபடியே நின்றுவிட்டது.

"இனிமே ஒரு கை போதும் பாய். அந்தக் கை அமுக்கறப்பவே இந்தக் கை அடுத்த வேலைய பாத்துக்கும். தோல் வெட்டற எல்லா மிஷின்லயும் போட்டாச்சு. நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

"எனக்கு வேணாம் சார்."

"ஓட்டிப் பாருங்க. திங்கக்கிழமை காலைல சொல்லுங்க. முடியாதுன்னா மிஷின வேற ஆளுக்குத்தான் குடுக்கணும். எனக்கும் மேல ஒருத்தர் நிக்கிறாரு இல்ல."

அன்று மதியம் முழுக்க வாஹித் பாஷா ஒரு கையால் ஓட்டினார். ஒன்றும் ஆகவில்லை. அதுதான் பேஜார். ஏதாவது ஆகியிருந்தால் முடியாது என்று சொல்ல வாய் இருந்திருக்கும். வேலையோ ஜாஸ்தியாகவே முடிந்தது. சுப்பராயன் முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இந்த யோசனையோடு சாப்பிட்டுக் கை கழுவி வந்தவர், கொஞ்சம் கண்ணயரலாம் என்று கூடத்தில் தலையணையைப் போட்டார். அங்கே தூங்க வழியில்லை. மனைவி குர்ஷித்தின் தம்பி காஷிஃப் டிவி முன்னால் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். முப்பது வயது ஆள். சவூதியில் தம்மாமில் வேலை முடிந்து ஊருக்கே திரும்பி வந்துவிட்டான். அங்கே ரூமில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து விளையாடிய பழைய கேம் பெட்டி ஒன்று, யாருக்கும் வேண்டாம் என்று இவன் தலையில் விழுந்திருந்தது. ஒரு ஓரம் உடைந்து டேப் ஒட்டியிருந்தது.

"தூலாபாய், வாங்க, ஒரு ஆட்டம்." அக்காள் புருஷனை அவன் அப்படித்தான் கூப்பிடுவான்.

"விடு காஷிஃப். ஒடம்பு அசந்து கெடக்கு."

"உக்காந்துகிட்டேதான ஆடப்போறீங்க. பறக்கறது, குதிக்கறது எல்லாம் அவன் பாத்துக்குவான்."

'அவன்' என்றால் டிவியில் நின்ற சிவப்பு அங்கிக்காரன். அந்தக் காலத்து கேம். முகம் மரப்பலகையில் செதுக்கினது போல் இருந்தது. தோள் மட்டும் வாசற்படி அகலம். உடம்பில் ஒட்டின உடுப்பு, முதுகில் பறக்கிற துணி. கட்டடத்து விளிம்பில் நின்றுகொண்டு யாராவது தன்னை ஆட்டுவார்களா என்று பார்த்திருந்தான்.

டீ கொண்டு வந்த குர்ஷித் தட்டை ஸ்டூலில் வைத்தாள். "ஆடுங்களேன். நேத்துலேர்ந்து மூஞ்சியே சரியில்ல. கொஞ்சம் சிரிக்கவாவது செய்வீங்க."

காஷிஃப் கன்ட்ரோலரைக் கையில் திணித்தான். மேல்விளிம்பில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பொத்தான். வலது அமுக்கினால் குத்து. இடது அமுக்கினால் தடுப்பு. இரண்டையும் சேர்த்து அமுக்கக் கூடாது. அமுக்கினால் தரையில் ஓங்கி ஒரு அடி அடிப்பான், அதோடு அவன் பலமெல்லாம் தீர்ந்துபோகும்.

வாஹித் பாஷா அமுக்கினார். இரண்டையும் சேர்த்து.

சிவப்பு அங்கிக்காரன் ரோட்டை ஓங்கி அடித்தான். தூசி கிளம்பியது. அப்புறம் முட்டி போட்டு மூச்சு வாங்கினான். எதிரே நின்ற திருடன் நிதானமாக வந்து ஒரே தட்டில் அவனைச் சாய்த்தான்.

"இன்னா தூலாபாய், வந்ததும் வராததுமா படுக்க வெச்சுட்டீங்க?"

"ஒண்ணுதான்டா அமுக்கினேன்."

"ரெண்டு அமுக்கினீங்க. நான் பாத்தேன்."

மறுபடியும் எழுந்தான். மறுபடியும் ரோட்டை அடித்தான், முட்டி போட்டான், விழுந்தான். வலதை மட்டும் என்று வாஹித் பாஷா மனதுக்குள் சொல்லிக்கொண்டுதான் விரலை வைத்தார். வலது இறங்கும்போது இடதும் கூடவே இறங்கியது. அண்ணன் தம்பி மாதிரி ஒன்றை விட்டு ஒன்று வரமாட்டேன் என்றது.

"செத்து செத்து எழுந்துக்கறானே, இவனுக்கு லீவே கெடையாதா?" என்றார்.

குர்ஷித் சிரித்துவிட்டாள். "உங்க கம்பெனில சேத்து விடுங்க."

"சேத்துக்க மாட்டாங்க. ரோட்ட ஒடைக்கிறான்."

ஒரு வழியாக அவன் பாலத்துக்கு வந்து சேர்ந்தான், பாதி தூரம் காஷிஃப் ஓட்டிக் கொடுத்ததால். பாலம் நடுவில் பிளந்து ஒரு பஸ் தொங்கிக்கொண்டிருந்தது. அங்கே ஓட வேண்டியதில்லை, நின்றால் போதும். இடதை அமுக்கியபடியே வைத்திருந்தால் பாலத்தைத் தோளில் தாங்குவான். வலதை மடமடவென்று அடித்தால் பஸ்ஸை மேலே இழுப்பான்.

வாஹித் பாஷா இரண்டையும் அமுக்கினார், இரண்டையும் விட்டார். பாலம் விழுந்தது. அமுக்கினார், விட்டார். விழுந்தது. மிஷினில் அப்படித்தானே, வெட்டி முடிந்தால் இரண்டு கையும் சேர்ந்து விலகும். ஒரு கை நிற்க ஒரு கை ஓடுவது என்பது அந்த உடம்புக்குத் தெரியாது. பஸ்ஸில் இருந்தவர்கள் எத்தனை தடவை ஆற்றில் போனார்கள் என்று காஷிஃப் எண்ணுவதையே விட்டுவிட்டான்.

"போதும்டா. தோள்பட்ட வலிக்குது."

"பாவம், ஜனங்க தொங்குறாங்க. இருங்க, எங்க ரூம்ல ஒரு வழி வெச்சிருந்தோம்."

ஆறின டீயைத் திரும்பச் சூடாக்கிக் கொண்டு வந்து வைத்த குர்ஷித்திடம் ஒரு ரப்பர் பேண்டு வாங்கி, இடது பொத்தானைக் கன்ட்ரோலரோடு சேர்த்து இறுக்கிச் சுற்றினான். பொத்தான் அமுங்கியபடியே நின்றது.

வாஹித் பாஷா அதையே பார்த்தார்.

"இப்ப ஒரு கை போதும். அடிங்க."

அடித்தார். பாலம் நின்றது. பஸ் மெல்ல மெல்ல மேலே வந்தது. கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே, மடியில் வைத்த கன்ட்ரோலரை வலது கையால் அடித்துக்கொண்டே இருந்தார். முன்சக்கரம் ரோட்டில் ஏறியது. பின்சக்கரமும் ஏறியது. ஜனங்கள் இறங்கி ஓடினார்கள். காஷிஃப் கை தட்டினான்.

"ஏங்க, கை," என்றாள் குர்ஷித்.

அவருக்குப் புரியவில்லை.

"கைய எடுங்க."

குனிந்து பார்த்தார். இடது கை ஸ்டூலில் இருந்தது. ஸ்டூல்மேல் விரித்த பிளாஸ்டிக் துணியைச் சுருக்கமில்லாமல் நீவி நீவி, டீத்தட்டு வரைக்கும் போய், டம்ளரைச் சாய்த்திருந்தது. டீ விரல்மேல் ஓடி ஸ்டூல் விளிம்பில் சொட்டியது. சூடு அதற்கப்புறம்தான் உறைத்தது. கையை உதறினார்.

குர்ஷித் ஈரத்துணி கொண்டு வந்து சுற்றினாள். "சுடறது கூடவா தெரியாது?"

"அடுத்தது போலாமா தூலாபாய்? ரயில் வரும்."

வாஹித் பாஷா துணி சுற்றின கையை அடுத்த வீட்டுக்காரன் கையைப் பார்ப்பது போல் பார்த்துக்கொண்டிருந்தார். அது எப்போது கிளம்பியது, எந்த வழியாகப் போனது, ஒன்றும் தெரியவில்லை. தோலை நீவுகிற கை. சும்மா விட்டால் நீவத்தானே போகும்.

"நேத்து மத்தியானம் பூரா இது எங்க இருந்துதுன்னு எனக்குத் தெரியாது குர்ஷித்," என்றார்.

அப்புறம்தான் எல்லாவற்றையும் சொன்னார், சுப்பராயன் வந்தது, துண்டுத் தோல் செருகியது, திங்கட்கிழமை காலை பதில். சொல்லும்போது குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அசதி ஒன்றுதான் இருந்தது.

காஷிஃப் டிவி சத்தத்தைக் குறைத்தான். "எல்லாரும் போட்டுட்டாங்கன்னா நீங்க மட்டும் இன்னா பண்ணுவீங்க? கொஞ்சம் ஜாக்கிரதையா இருந்தா போதும்."

"ஜாக்கிரதையாதான்டா இருந்தேன். ஒன் பஸ்ஸயே பாத்துட்டு இருந்தேன்."

குர்ஷித் ஸ்டூலைத் துடைத்தாள். "முடியாதுன்னா எங்க போடுவாங்க?"

"லைனிங்ல."

அவள் முகம் சுருங்கியது. ஷூவுக்கு உள்ளே ஒட்டுகிற துணியை வெட்டும் இடம் அது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளைப் பழகுவதற்காக நிறுத்துவார்கள். தோல் பார்த்து வெட்டுகிற ஆளை அங்கே அனுப்பினால் நாலு பேர் காரணம் கேட்பார்கள். கேட்காதவர்கள் தாங்களே ஒரு காரணம் வைத்துக்கொள்வார்கள்.

"போங்க," என்றாள் கடைசியில். "போய்ச் சொல்லிட்டு வாங்க. சோறு ஊட்டி விடற வயசு எனக்கில்ல."

திங்கட்கிழமை வாஹித் பாஷா மிஷினை ஓட்டுவதற்கு முன்பே துண்டுத் தோலைப் பிடுங்கி மேசைமேல் வைத்துவிட்டு, கையைக் கட்டி நின்றார். சுப்பராயன் அதைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"யோசிச்சீங்களா பாய்?"

"ரெண்டு கையும் வெச்சுதான் ஓட்டுவேன் சார்."

"எத்தன வருஷ ஆளு நீங்க. உங்கள எடுத்தா எனக்குத்தான் கஷ்டம்."

"அப்ப எடுக்காதீங்க."

சுப்பராயன் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. ராத்திரி சரியாகத் தூங்கினவர் மாதிரி அவரும் இல்லை. "ஆர்டர் முடியற வரைக்கும் லைனிங்ல இருங்க," என்றார். ஆர்டர் முடிந்ததும் திரும்பக் கூப்பிடுவார்களா என்று வாஹித் பாஷா கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சுப்பராயனுக்குத் தெரிந்திருக்காது.

லைனிங் மிஷின் ஹாலின் கோடியில், ஃபேன் காற்று எட்டாத இடத்தில் இருந்தது. அவர் நடந்து போகும்போது சிலர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள். அவர்கள் மிஷின்கள் ஒற்றைக் கையால் ஓடிக்கொண்டிருந்தன. அங்கே பழகிக்கொண்டிருந்த பையன் நவீத் எழுந்து இடம் விட்டான்.

"சாச்சா, நீங்க இங்கியா?"

"ஆமா. தள்ளி நில்லு."

துணியை விரித்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே வெள்ளை. கையால் தடவிப் பார்த்தார். தழும்பில்லை, காயமில்லை, ஒதுக்குவதற்கு ஒன்றுமில்லை. எங்கே வேண்டுமானாலும் அச்சை வைக்கலாம். வைத்தார். இரண்டு கையையும் மேலே தூக்கி, இரண்டு பொத்தானையும் சேர்த்து அமுக்கினார். சாயங்காலம் மணி அடிக்கிற வரைக்கும் அப்படியே அமுக்கிக்கொண்டிருந்தார்.