கருத்தக்கண்ணனின் புறங்கை

புறங்கையை டயரின் ஓரத்தில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார் கருத்தக்கண்ணன். பிறகு நடுவில் வைக்கிறார். மறுபடியும் ஓரத்தில். டாக்ஸிக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தால் மற்றக் கையை உயர்த்துகிறார். "இருப்பா, மொதல்ல அது பேசட்டும்."

பசுமலை பஸ் நிறுத்தத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு தகரக் கொட்டகை. காற்றடிக்கும் மோட்டார், தண்ணீர்த் தொட்டி, மரச்சுத்தி, இரண்டு நெம்புகம்பிகள். கடை அவ்வளவுதான். அவருக்கு வயது நாற்பத்தைந்து இருக்கும். டயர் வரிகளில் சிக்கிய கல்லைச் சைக்கிள் சக்கரக் கம்பியால் கிண்டி எடுப்பார். உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, "நேத்து உசிலம்பட்டிப் பக்கம் போனியா?" என்பார். பாதி நேரம் சரியாக இருக்கும். மீதி நேரம் விட்டுக்கொடுக்க மாட்டார்.

டயரிலிருந்து பிடுங்கிய ஆணிகளை ஒரு பவுடர் டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறார். பெரும்பாலும் மாட்டு லாடத்திலிருந்து கழன்றவை. "வண்டிமாடு மட்டும் இல்லேன்னா எங்க வீட்டுல ஒல கொதிக்குமா?" என்று டப்பாவைக் குலுக்கிக் காட்டுவார். மனிதர்களின் முகம் அவருக்கு நினைவில் நிற்பதில்லை. "இடது முன்சக்கரம் உள்பக்கமாத் தேயுமே, அந்த டாக்டரு" என்றுதான் சொல்வார்.

என் தந்தை பங்குனியில் இறந்தார். அவருடைய அம்பாசடரை விற்பதற்கு முன் டயர்களைக் காட்டிவிடலாம் என்று வைகாசியில் ஒரு காலை எடுத்துப் போனேன். நான் பொறியியல் படித்து அதையே கல்லூரியில் கற்பிப்பவன். காற்றழுத்தம் பார்க்கச் சொந்தமாக கேஜ் வைத்திருக்கிறேன். கருத்தக்கண்ணன் பின்டயரை மரச்சுத்தியால் ஒரு தட்டுத் தட்டி, "இருவத்திரெண்டு" என்றார். என் கேஜ் இருபத்து மூன்று காட்டியது.

"ஒங்க கேஜ் கொஞ்சம் ஆசப்படுது, தம்பி."

மறுநாள் கல்லூரி ஆய்வகத்தில் சரிபார்த்தேன். ஒரு பவுண்டு கூடத்தான் காட்டியது.

அன்று காலை, அடுத்ததாகக் காரின் பின்பெட்டியைத் திறந்தவர் ஸ்டெப்னியைப் பார்த்து நின்றுவிட்டார். "அய்யா மாசியில எங்கிட்டத்தான் இத மாட்டுனாரு. இன்னும் ரோட்டையே பாக்கல." தோளில் கிடந்த துண்டால் அதன் தூசியைத் துடைத்தார்.

அப்போதுதான் ஒரு கல்யாணக் கார் வந்தது. பூச்சரம் சுற்றிய இன்னொரு அம்பாசடர். கருத்தக்கண்ணன் சாலைக்கு ஓடிக் கையை விரித்து மறித்தார்.

"டேய் சுருளி, நிப்பாட்டு! பின்பக்கம் என்னடா வாத்து மாதிரி ஆடிக்கிட்டு வருது?"

"அண்ணே, மாப்ள வண்டிண்ணே! கல்லுப்பட்டியில பத்தரைக்கு முகூர்த்தம்" என்றார் டிரைவர் சுருளி. மணி ஒன்பது பத்து.

"அம்புட்டுப் பேரும் எறங்குங்க."

இறங்கினார்கள். இறங்கிக்கொண்டே இருந்தார்கள். பதினோராவது ஆளாக மாப்பிள்ளை, யாருடைய குழந்தையையோ தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

பின் வலது டயரில் புறங்கையை வைத்தவர் சூடு தாங்காமல் வெடுக்கென்று எடுத்தார். "காத்த எறக்குனியா?"

"ஆனையூர்லயே எறக்கிட்டேன்ணே. கத்திரி வெயிலு. காத்து நெறையா இருந்தா வெடிச்சிரும்ல?" சுருளிக்குப் பெருமை தாங்கவில்லை.

எங்கள் ஊரில் பல டிரைவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். காற்றுக் குறைந்தால் டயரின் பக்கச்சுவர் உருளும்போதெல்லாம் மடங்கி நிமிரும். சூடு அதில்தான் ஏறும். இதை விளக்க எனக்குக் கரும்பலகை வேண்டும். கருத்தக்கண்ணன் கீழே கிடந்த கட்டுக்கம்பியை எடுத்து, முன்னும் பின்னும் பத்துத் தடவை வளைத்து, வளைந்த இடத்தைச் சுருளியின் கையில் வைத்தார்.

"ஆத்தாடி!" சுருளி கையை உதறினார்.

"ஒனக்கே இப்பிடின்னா அதுக்கு எப்பிடி இருக்கும்?"

டயரின் பக்கத்தில் எலுமிச்சை அளவு புடைத்திருந்தது. அவர்களுடைய ஸ்டெப்னியில் வரியே இல்லை. மாப்பிள்ளையின் தாயார் சீனியம்மாள் பதறினார்.

"பொண்ணு வீட்டுல என்னய்யா நெனப்பாக? நல்லாத்தான உருளுது, விடுய்யா!"

"இது திருமங்கலம் தாண்டாது ஆத்தா. தாலி கட்டுற கை முழுசாப் போகணும்ல? கா மணி நேரம் குடு."

சொல்லிவிட்டு என் காரின் பின்பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எடுத்துக்குங்க" என்றேன். ஸ்டெப்னியை நானே தூக்கி வெளியே வைத்தேன்.

மாப்பிள்ளை பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜாக்கியைச் சுற்றினார். "இன்னைக்கே வேலக்காரனா ஆக்கிட்டாகளே!" என்று பெண்கள் சிரித்தார்கள். மற்ற மூன்று டயர்களுக்கும் காற்றேறியது. ஐந்து பேர் பஸ்ஸில்தான் வர வேண்டும் என்று கருத்தக்கண்ணன் அடம்பிடித்தார். எந்த ஐந்து பேர் என்று பெரிய தகராறு. அதைத் தீர்த்துவைத்தவர் சீனியம்மாள். "பந்தியில மொத வரிசைக்கு ஓடுறவுக எல்லாம் எறங்குங்க!"

ஒன்பதரைக்கு வண்டி கிளம்பியது. குலவைச் சத்தம் பசுமலைக் குன்றைத் தொட்டது. சீனியம்மாள் ஜன்னல் வழியே சந்தனக் கிண்ணத்தை நீட்டினார். கருத்தக்கண்ணன் அதைக் கவனிக்கவில்லை. கைலியை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, இடுப்பு வரை குனிந்து, எதிரே வந்த பஸ்ஸின் ஹாரனும் காதில் விழாமல், என் தந்தையின் சக்கரத்தை மட்டும் பார்த்தபடி, வாயெல்லாம் பல்லாகக் காரோடு கூடவே ஓடிக்கொண்டிருந்தார்.