கோல் கம்பத்தடியில் ஒரு தேங்காய்

எங்கள் மாமாவுக்குக் கண்ணாடித் துண்டு என்றால் பேயைவிடப் பயம். அவர் ஆஸ்பத்திரி வார்டில் உதவியாளர். காலில் ஆணி குத்தியதை வீட்டில் மறைத்துவிட்டு, பிறகு தாடை கிட்டிப்போய் வந்து படுத்த பிள்ளைகளைப் பார்த்தவர். அதனால் சனிக்கிழமை மாலைகளில் காஜா பெராங் திடலுக்குப் பந்து விளையாட வரும் பிள்ளைகள், பந்தைத் தொடுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்தாக வேண்டும். தோளோடு தோள் உரச வரிசையாக நின்று, தலையைக் குனிந்துகொண்டு, திடலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடக்க வேண்டும். ஆணி, பீங்கான், உடைந்த சோடாப் புட்டி எது கண்ணில் பட்டாலும் எடுத்து மாமாவின் பிஸ்கட் டின்னில் போட வேண்டும். கம்போங் செட்டிக் குடியிருப்புப் பையன்கள், மலாய்ப் பையன்கள், நாங்கள் எல்லாருக்கும் வெறுங்கால்தான். அரிசியில் கல் பொறுக்குகிறவர்களைப் போல நாங்கள் நடப்பதைப் பார்த்து, சாலையில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திச் சிரித்துவிட்டுப் போவார்கள்.

வெறுங்கால் இல்லாத ஒரே ஆள் என் அண்ணன். இளம்பிள்ளை வாதம் அவனுடைய இடது காலைச் சூம்ப வைத்திருந்தது. தொடையிலிருந்து பாதம்வரை இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, தோல் வார், கனத்த பூட்ஸ். முழங்கால் மடங்காது. குனிய முடியாது. தரையில் உட்கார்ந்தால் யாராவது தூக்கிவிட வேண்டும். ஆனால் கைகள் பல்லியின் நாக்கு மாதிரி. எதை எறிந்தாலும் பிடித்துவிடுவான். மாமா அவனைக் கோல் காக்க நிறுத்தியதும் மற்றப் பிள்ளைகளின் தாய்மார் வந்துவிட்டார்கள்.

"உங்க பையன் இரும்பு பட்டு எங்க பையன் கால் ஒடஞ்சா யாரு லா பாக்கறது?"

மாமா கம்பியைச் சுற்றி இலவம்பஞ்சு வைத்து, அதன்மேல் பழைய சைக்கிள் டியூபை இறுக்கிக் கட்டினார். அண்ணன்மேல் யாரும் மோதக்கூடாதென்று சட்டம் போட்டார். அதோடு விட்டிருக்கலாம். "ஒரு பிள்ளைக்கு ரத்தம் வந்தாலும் அன்னையோட இவன வீட்டுல உக்கார வச்சிர்றேன்" என்று வாக்கும் கொடுத்துவிட்டார். அண்ணன் அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றான்.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த வருஷம் அது. கடைத்தெருவெல்லாம் கொடி. எங்கள் பையன்களுக்கும் பக்கத்துக் கிளேபாங் ஊர்ப் பையன்களுக்கும் ஒரு போட்டி என்று முடிவாயிற்று. அண்ணனுக்கு அந்த வாரம் முழுக்கத் தூக்கமில்லை. நண்டு போலப் பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து பழகியதில் வீட்டுச் சிமெண்டுத் தரையெல்லாம் கீறல். எனக்கும் சோறு இறங்கவில்லை.

வரப்போகிறவர்கள் முன்னால் குப்பை பொறுக்குவது அழகில்லை என்று, போட்டியன்று காலையிலேயே மாமா எங்களை வரிசையாக நடக்க வைத்துத் திடலைச் சுத்தம் பண்ணிவிட்டார். அம்மாவுக்கு அது போதவில்லை. ஊர்க் கண்ணெல்லாம் மகன்மேல் விழப்போகிறதே என்பதுதான் அவள் கவலை. குங்குமம் தடவிய தேங்காயால் அண்ணன் தலையை மூன்று முறை சுற்றினாள். "நிக்கிற எடத்துலயே ஒடச்சாத்தான் கழியும்" என்று, மத்தியான வெயிலில் என்னையும் இழுத்துக்கொண்டு திடலுக்கு நடந்தாள். இடது கோல் கம்பத்துக்கு அண்டை கொடுத்திருந்த கருங்கல்லில் ஓங்கி அடித்தாள். தேங்காய் சிதறிய சத்தம் கேட்டது.

"திரும்பிப் பாக்காம வா. மாமாகிட்ட மூச்சு விடாத. கிண்டல் பண்ணியே கொன்னுரும்."

திரும்பிப் பார்த்தால் கழித்தது கூடவே வந்துவிடும் என்பார்கள். வீடு வரும்வரை எனக்குப் பிடரி அரித்தது. ஆனாலும் திரும்பவில்லை. அம்மாவும் திரும்பவில்லை.

மாலையில் ஆட்டம் தொடங்கியது. நான் கோட்டுக்கு வெளியே இங்குமங்கும் ஓடிக்கொண்டிருந்தேன். அண்ணன் இடது கம்பத்தருகே போய், காலடிப் புல்லை ஒருமுறை பார்த்துவிட்டு நின்றான். நின்றவன் நின்றவன்தான். பந்து வலது பக்கம் போயிற்று, கோல். மறுபடியும் வலது பக்கம், மறுபடியும் கோல்.

"நண்டு! டேய், நண்டு!" என்று மாமா கத்தினார். அவன் அசையவில்லை. காப்பாற்ற ஓடிவந்த எங்கள் பையன்களையும், "கிட்ட வராத! பந்து என்னுது!" என்று விரட்டினான். விரட்டிவிட்டுப் பந்தையும் பிடிக்கவில்லை.

"காயு! காயு!" என்று செட்டிப் பையன் ஒருவன் தலையில் அடித்துக்கொண்டான். மலாயில் மரக்கட்டை என்று அர்த்தம். கிளேபாங் பையன்களும் அதையே பிடித்துக்கொண்டு பாடினார்கள். எத்தனை கோல் வாங்கினோம் என்று சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது. பயத்தில் அண்ணனுக்கு நல்ல காலும் விறைத்துவிட்டது என்று நினைத்து நான் அழுதேன்.

மாமாவுக்கு மட்டும் அவ்வளவு வருத்தமில்லை. எல்லாப் பையன்களின் பாதங்களையும் தூக்கிப் பார்த்துவிட்டு, "தோத்தா என்னடா? கால் முழுசா இருக்கில்ல" என்றார்.

எல்லாரும் கலைந்த பிறகு அண்ணன் கம்பத்தைப் பிடித்துச் சறுக்கி, புல்லில் உட்கார்ந்துவிட்டான். தண்ணீர் கொண்டுவரச் சொல்லி என்னை அனுப்பினான். நான் திரும்பி வந்தபோது அவன் சட்டைப்பை புடைத்திருந்தது. கோலிக்குண்டு என்று நினைத்தேன். கோபத்தில் கேட்கவில்லை.

மறுநாள் குழாயடியில் அம்மா அந்தச் சட்டையைத் துவைக்க எடுத்தாள். பையிலிருந்து சிரட்டைச் சில்லுகளாக வந்தன, கத்தி முனை போல. ஒன்றில் குங்குமம் இன்னும் ஒட்டியிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நின்றாள். குழாய் திறந்தபடியே இருந்தது. வாளி நிரம்பித் தண்ணீர் அவள் காலில் வழிந்தது.

"என்னம்மா அது?"

"ஒண்ணுமில்ல. உள்ள போ."

அன்று மீன் குழம்பில் நடுத்துண்டு எல்லாம் அண்ணன் தட்டுக்கே போயிற்று. தோற்றவனுக்கு எதற்கு இத்தனை மீன் என்று எனக்கு ஆத்திரம். அவனும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அடுத்த சனிக்கிழமை, பந்தாட்டத்துக்கு ஒருநாளும் வராத அம்மா திடலுக்கு வந்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பிள்ளைகளின் வரிசையில் போய் நின்றாள்.

"அக்கா, நீ எதுக்கு?" என்றார் மாமா.

அவள் குனிந்த தலையோடு நடந்தாள். கோல் கம்பத்தருகே வந்ததும் மண்டியிட்டுப் புல்லை விரலால் விலக்கி விலக்கிப் பார்த்தாள்.

"அம்மா, என்ன தேடுறீங்க? தோடு விழுந்திருச்சா?"

புல்லிலிருந்து கண்ணை எடுக்காமலே, "ஆமா" என்றாள்.

நானும் மண்டியிட்டு மும்முரமாகத் தேடினேன். கோலில் நின்றிருந்த அண்ணன் எங்களைப் பார்த்துச் சிரித்தான். அந்த வாரத்தில் அவன் சிரித்தது அப்போதுதான். அன்று அவன் பந்துக்குப் பந்து நண்டாக நகர்ந்தான்.

வீட்டுக்குப் போகும் வழியில் அம்மா திரும்பித் திரும்பித் திடலையே பார்த்துக்கொண்டு வந்தாள். அப்படித் திரும்பும்போதுதான் கவனித்தேன், இரண்டு காதிலும் தோடு இருந்தது. கண்டெடுத்துவிட்டு எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று, வீடுவரை நான் அவளோடு பேசாமலே நடந்தேன்.