பலகை அக்காவின் பதினெட்டு மில்லிமீட்டர்

பலகை அக்கா என்று பெயர் வைத்தவன் நான்தான். பக்கத்து மேசைக்காரனுக்கு அந்த உரிமைகூட இல்லையா?

எங்கள் மரவணிகச் சங்க அலுவலகத்தில் பன்னிரண்டு வருஷமாக அக்காவுக்கு ஒரே வேலை. பிளைவுட், துகள்பலகை வகையறாக்களில் பக்கத்து நாடு நமக்கு எவ்வளவு அனுப்புகிறது, நாம் அவர்களுக்கு எவ்வளவு அனுப்புகிறோம் என்று வருஷவாரியாக இரண்டு கோடு போட வேண்டும். சிவப்பு அவர்கள், நீலம் நாம். அச்சடித்து ஆலைகளுக்கெல்லாம் அனுப்புவோம். ஒருவரும் உறையைக்கூடப் பிரிப்பதில்லை. ஒருமுறை மேலாளர் அந்தப் படத்தின்மேல் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டார். அன்று முழுக்க அக்கா உர்ரென்று இருந்தார்.

இதில் ஒரு தலைவலி உண்டு. அவர்கள் பலகையைச் சதுர மீட்டரில் எண்ணுவார்கள், நாம் கன மீட்டரில். தடிமன் தெரியாமல் ஒப்பிட முடியாது. கேட்டு எழுதினால் பதில் வராது. வெறுத்துப்போய் முதல் வருஷம் அக்கா டேப்பை எடுத்துத் தன் மேசைப் பலகையையே அளந்தார். அதுவும் அந்த நாட்டுச் சரக்குதான். பதினெட்டு மில்லிமீட்டர். அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் பதினெட்டுதான்.

நாலு வருஷமாகச் சிவப்புக்கோடு விறுவிறுவென்று ஏறியது. அக்கா அதை அடிக்கோடிட்டு அனுப்பினார். அதிசயமாக ஓர் ஆலை முதலாளி அதைப் படித்துவிட்டார். படித்தவர் சும்மா இருந்தாரா? போட்டி தாங்காது, மாசக் கடைசியோடு பலகையை அழுத்தி ஒட்டும் இரண்டாவது பிரஸ்ஸை நிறுத்துகிறேன் என்று அறிவித்துவிட்டார். அந்தப் பிரஸ்ஸை ஓட்டுவது வேறு யாருமில்லை, அக்காவின் வீட்டுக்காரர்.

மறுநாள் மத்தியானம் அவர் அலுவலகத்துக்கே வந்தார். கையில் இருந்த துண்டுப் பலகையை அக்காவின் மேசைமேல் வைத்தார். அட்டை கனம்தான் இருந்தது.

"தடிப் பலகை குறைஞ்சு, இப்போ இதுதான் அங்கேர்ந்து கூடக்கூட வருது. கதவுல ஒட்டுற மெல்லிசுப் பலகை. மூணு மில்லிமீட்டர். நாலு வருஷமா வீட்ல சொல்றேன், காதுல வாங்குனியா?"

"நீங்க ஏதோ புலம்புறீங்கன்னு நினைச்சேங்க."

"புலம்பலா? இதைப் போய் பதினெட்டால பெருக்கி வச்சிருக்கியே!"

அக்கா கால்குலேட்டரை எடுத்தார். எனக்கு என்மேலேயே வந்த எரிச்சலுக்கு அளவில்லை. பன்னிரண்டு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து நானும்தானே ஏன் எல்லாவற்றுக்கும் பதினெட்டு என்று கேட்கவில்லை! மெல்லிசை மட்டும் பிரித்து மூன்றால் பெருக்கியதும் சிவப்புக்கோடு படுத்துவிட்டது. நாலு வருஷமாக மொத்தச் சரக்கு கூடவே இல்லை.

மேலாளர் கைகழுவப் பார்த்தார். "கம்ப்யூட்டர் கோளாறுன்னு போட்டுடும்மா."

"கம்ப்யூட்டரா சார் மேசையை அளந்துச்சு?" என்றார் அக்கா. தவறு என்னுடையது என்று திருத்தம் எழுதி, கையெழுத்துப் போட்டு, அன்றே அந்த ஆலை முதலாளிக்கு அனுப்பினார்.

மூன்றாம் நாள் முதலாளி போன் செய்தார். அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"பிரஸ் ஓடட்டும்மா. உங்க வீட்டுக்காரரை வழக்கம்போல வரச் சொல்லுங்க."

"ரொம்ப நன்றிங்க."

"ஒண்ணே ஒண்ணு. இனிமே அந்தப் படத்தை எனக்கு அனுப்பாதீங்க."

அக்கா போனை வைத்தார். வீட்டுக்காரருக்குச் செய்தி சொன்னார். பிறகு அனுப்ப வேண்டிய ஆலைகளின் பட்டியலை எடுத்து, அந்த ஒரு பெயரை மட்டும் அடித்தார்.

"படிச்சது அவர் ஒருத்தர்தான்" என்றார் என்னிடம்.