ஆப்பிள் பட்டைக் கஷாயம்

ஆப்பிள் தோட்டத்தில் கிளை கழிக்கிறவரைக் கத்தரிக்கோல் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். எவ்வளவு உயர மரத்திலும் ஏறிவிடுவார். ஊசி என்றால் மட்டும் ஓட்டம் பிடிப்பார். அதனால் இன்சுலின் போடுவது மனைவியின் வேலை. அவள் அதே தோட்டத்துக் கொட்டகையில் பழம் தரம் பிரிக்கிறவள். நிறத்தைப் பார்த்தே எந்தப் பழம் எந்தப் பெட்டிக்கு என்று சொல்லிவிடுவாள்.

விரலில் குத்தி ரத்தச் சர்க்கரை பார்த்தால் கத்தரி பிடிக்க முடியவில்லை என்று அவர் முரண்டு பிடித்ததால், சர்க்கரைக்கு ஏற்ப நிறம் மாறும், சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் தாளை வாங்கி வைத்திருந்தாள். நிறம்தானே, தன் கண்ணுக்குத் தப்பாது என்று நம்பினாள்.

மூன்று நாளாகத் தாள் கரும்பழுப்பாகவே மாறியது; சர்க்கரை மிக அதிகம் என்பதன் நிறம் அது. சாப்பாட்டைக் குறைத்தாள், ஊசி மருந்தைக் கூட்டினாள். திருட்டுத்தனமாக இனிப்பு தின்கிறாரோ என்று சட்டைப்பையைத் துழாவினாள். மரப்பட்டைச் சீவல்தான் கிடைத்தது.

நான்காம் நாள் காலையிலும் அதே நிறம். ஊசியில் மருந்தேற்றிக்கொண்டு வந்தபோது, அவர் கட்டிலில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தார். அந்தக் குளிரிலும் கழுத்தில் வியர்வை வழிந்தது.

"என்னங்க, என்ன பண்ணுது?"

"ஏணியைப் பிடி, ஆடுது."

அறையில் ஏணி இல்லை. தாள் சர்க்கரை அதிகம் என்கிறது, ஆளோ சரிகிறார். ஊசி அவர் வயிற்றருகே போய் நின்றது. பிறகு அதை மேசைமேல் வைத்துவிட்டு, தூசி படிந்து கிடந்த ரத்தச் சர்க்கரைக் கருவியைத் தேடி எடுத்து, கேட்காமலே அவர் விரலைக் குத்தினாள். நாற்பத்தொன்று. ஆளையே சாய்த்துவிடும் அளவுக்குச் சர்க்கரை இறங்கியிருந்தது.

சர்க்கரைத் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக ஊட்டினாள். "என்னைப் பாத்துக்கிட்டே முழுங்குங்க."

பேச்சு தெளிந்ததும் அவர் மெல்லச் சொன்னார். "ஆப்பிள் மரத்துப் பட்டையை அவிச்சுக் குடிச்சா சர்க்கரையெல்லாம் மூத்திரத்துல போயிடும்னாங்க. ஊசிக்குத் தப்பிக்கலாமேன்னு பாத்தேன்."

"போனதைத்தான் தாள்ல பாத்தேன். பாத்துப் பாத்து ஊசியைக் கூட்டினேன். ரெண்டு பேருமா சேந்துல்ல உங்களைக் கொல்லப் பாத்திருக்கோம்."

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். பட்டையில் இருக்கும் பொருள் இரத்தத்துச் சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளிவிடும் என்றாள் நர்ஸ். மறுபடியும் இறங்கலாம், வண்டி அனுப்புகிறோம், கடைசியாக எப்போது குடித்தார் என்று கேட்டாள்.

அவர் தலை குனிந்தார். "காலைல எந்திரிச்சதும். ரெண்டு டம்ளர்."

வண்டிச் சத்தத்துக்கு வாசல் பக்கம் காதை வைத்தபடி அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். பிடியில் ஈரம் ஊறியது. அது அவர் வியர்வையா, தன்னுடையதா என்று அவளுக்குத் தெரியவில்லை.