பாலேந்திராவுக்கு ஒரு முகம்

அருள்நாயகி எனக்குச் சின்னம்மாவின் மகள். டென்மார்க்கில், ஹேர்னிங்கில் ஒரு உடுப்புத் தொழிற்சாலையில் வேலை செய்து பென்சன் எடுத்தவள். சும்மா இருக்கேலாமல் பின்னேரம் படம் கீறும் வகுப்புக்குப் போனாள். அங்கேதான் ஈரான்காரர் பஹ்மானோடு கூட்டு. இரண்டு பேருக்கும் டெனிஷில்தான் கதை.

முந்தி இந்திய அரண்மனைகளில் ஏடுகளுக்கு நுணுக்கமாய்ப் படம் வரைந்த விதத்தை அவர்தான் சொன்னாராம். பாரசீகத்திலிருந்து வந்தவர்களும் அந்த ஊர்க்காரரும் ஒரே தாளில் வேலை செய்வார்களாம். ஒருவர் கோடு, ஒருவர் வர்ணம், முகத்துக்கென்று இன்னொருவர். அப்படியே இவர்களும் ஒரு தாளைப் பங்குபோட்டார்கள். மலையும் முகிலும் அவருக்கு, வாழையும் முகமும் இவளுக்கு.

படத்தில் இளவரசன் மாதிரிச் சவாரி போகிறவன் இவளின் தமையன் பாலேந்திரா. தொண்ணூறில், இலங்கைச் சண்டைக்குள் பிடித்துக்கொண்டு போனார்கள், பிறகு ஒரு சேதியும் இல்லை. வீடு எரிந்தபோது போட்டோக்களும் போய்விட்டன. அந்த முகத்தை இன்னொருக்கால் பார்க்கவேண்டும், அவளுக்கு அவ்வளவுதான்.

"குதிரை கீறட்டோ?" என்று பஹ்மான் கேட்டார்.

"அண்ணை சைக்கிள்தான் ஓடினவர்."

"இளவரசனுக்குச் சைக்கிளோ!" என்று சிரித்தாலும், மனிசன் சைக்கிளுக்குப் பட்டுச் சேணம் போட்டுக் கொடுத்தார்.

முகம் மட்டும் வெறுமையாய்க் கிடந்தது.

"எங்கட முறையில எல்லாருக்கும் ஒரே நிலா முகம். அதை வைப்பமே?"

"அது ஆரோ ஒருத்தன். இந்தியாக்காரர் கீறினமாதிரிப் பக்கவாட்டில, அவரவர் மூக்கோட வேணும்."

ஆனால் கண்ணை மூடிப் பார்த்தும் முகம் வரவில்லை. என்னிடம் வந்தாள்.

"அக்கா, அண்ணை ஆரின்ரை சாயல்?"

சொந்தக்காரரின் முகமெல்லாம் எனக்கு அத்துப்படி. "மூக்குப் பெரிய மாமாவின்ரை. நாடி உன்ரை அம்மாவின்ரை. நெத்தியும் மாமாவின்ரைதான்," என்றேன்.

அடுத்த வகுப்புக்கு நானும் போனேன். அவள் கீறி முடிக்க எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எடியே, இது பெரிய மாமாவெல்லோ! கிழவனைப் பிடிச்சுச் சைக்கிளில ஏத்திப்போட்டியே!"

பஹ்மான் அழிப்பதற்கு ஈரத்துணியை எடுத்தார். அருள்நாயகி சிரிக்கவில்லை. படத்தைப் பார்த்தபடியே அவர் கையைப் பிடித்தாள்.

"விடுங்கோ. இருந்தால் அண்ணைக்கும் இப்ப இந்த வயசுதானே."

தமிழில் சொன்னது விளங்காமல் அவர் நிற்க, டெனிஷில் திருப்பிச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு நின்றுபோச்சு.

பஹ்மான் துணியை வைத்துவிட்டு, மெல்லிய தூரிகையை வெள்ளையில் தோய்த்தார். காதோரத்தில் நரைமயிரை ஒவ்வொன்றாய் இழுக்கத் தொடங்கினார்.

"மீசையிலையும் கொஞ்சம்," என்றாள் அருள்நாயகி.